மான் தின்னாத பூ

எங்கள் ஒழுங்கை துறைமுகப் பக்கம் சரிந்து இறங்கும் இடத்தில் ஒரு வெறுங்காணி இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அங்கே வீடு வைத்திருந்தவர்கள் போய்விட்டார்கள். கூரை போய், சுவர்கள் போய், கேற்றுத் தூண் ஒன்றும் சீமெந்து நிலத்தின் சில துண்டுகளும் மட்டும் மிச்சம். ஓட்டோவில் போகிறவர்கள் வேகத்தைக் குறைக்காமலே குப்பைப் பையை உள்ளே எறிவார்கள். நகரத்து மான்கள் வந்து சோற்றோடு பொலித்தீனையும் சேர்த்து மெல்லும்.

மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழக வளாகத்துக்கு எடுபட்ட கடிதத்துக்காகக் காத்திருந்தாள். அவளும் அவளுடைய இரண்டு கூட்டாளிகளும், ஒருத்தி லிங்கநகர், மற்றவள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், என் குசினி நிலத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்து களிமண் உருட்டத் தொடங்கினார்கள். களிமண்ணும் காய்ந்த சாணித் தூளும் காட்டுப்பூ விதைகளும். உருண்டைகளைக் காயவைத்து, ஒருவரும் கவனிக்காத நிலத்தில் எறிந்துவிட்டால் மீதியை மழை பார்த்துக்கொள்ளுமாம். விதைகளைத் திரியாய்க்குப் போகும் றோட்டுக் கரையிலும் பள்ளிக்கூட வேலியிலும் பொறுக்கியிருந்தார்கள்: ஆவாரை, தும்பை, பட்டிப்பூ, சங்குப்பூ.

"சொந்தக்காரரிட்டக் கேக்க வேணாமா?" என்றேன்.

"குப்பை போடுறவை கேட்டவையா, அம்மா?"

கிண்ணியாப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறருடைய நிலத்தில் கை வைக்காதே என்பது எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்த விஷயம். இந்த ஊரில் ஒரு துண்டு நிலத்தைத் துப்புரவாக்கினாலே யாரோ பிடிக்கப் போகிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். அதெல்லாம் தெரிந்தும் நான் விட்டேன். விட்டதோடு நிற்கவில்லை. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். களிமண் கூடினால் முளை வெளியே வராது என்று அளவையும் திருத்திக் கொடுத்தேன்.

புரட்டாதியில் மூன்று பேரும் கையுறை போட்டுக் குப்பையை அள்ளினார்கள். இருபதுக்கு மேல் பைகள் நகரசபை ட்ரக்டரில் போயின. முதல் மழைக்கு முன் உருண்டைகளை எறிந்தார்கள். இரண்டு கிழமையில் பச்சை தெரிந்தது. முச்சந்திக் கடைக்கார நானா என்னை மறித்து, "ரீச்சர், உங்கட மகள் எங்கட மூக்கைக் காப்பாத்திப்போட்டா" என்றார். மகள் படமெடுத்து, இடத்தையும் குறித்து, பேஸ்புக்கில் போட்டாள்.

பிறகு ஒரு விடியலில் மான்கள் வந்தன. நான் பாடசாலைக்குப் புறப்படும்போது காணி மொட்டையாகக் கிடந்தது. மகள் கேற்றுத் தூணடியில் குந்தியிருந்தாள். அழவில்லை. "இது ஒண்டைத்தான் விட்டிருக்குதுகள்" என்று தூணில் ஏறியிருந்த ஒரு கொடியைக் காட்டினாள்.

இலையின் நுனி சுருண்டு, தூணில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பிடித்திருந்தது. மொட்டு இன்னும் பச்சை. நான் றோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். "நேரமாகுது" என்று சொல்லிவிட்டுப் போனேன். அப்போதே பிடுங்கியிருக்க வேண்டும்.

அது கார்த்திகைப்பூ. மழை தொடங்க முளைத்து, கார்த்திகையில் மஞ்சளும் சிவப்புமாக விரியும். முழுக்க நஞ்சு; அதனால்தான் மான் தொடவில்லை. பிள்ளைகள் அதை நடவில்லை. கிழங்கு எத்தனை வருடமாகவோ குப்பைக்கு அடியில் கிடந்திருக்கிறது. குப்பை போனதும் எழும்பிவிட்டது. ஆனால் ஒரு காலத்தில் யுத்தம் செய்த இயக்கம் தன் பூவாக எடுத்துக்கொண்ட பூ அது. யுத்தம் முடிந்து இவ்வளவு வருடமாகியும், செத்தவர்களை நினைக்கும் கார்த்திகை மாதத்தில் அதை ஒருவர் கையில் கண்டால் புலனாய்வுக்காரரின் கேள்வி வரும். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் அதன் படத்தைச் சுவரில் ஒட்டியதற்கு ஆசிரியரை அழைத்து விசாரித்தார்களாம் என்று எங்கள் ஆசிரியர் அறையில் குரலைத் தாழ்த்திக் கதைத்தோம். மகளுக்கு யுத்தம் முடியும்போது நாலு வயது.

ஐந்தாறு நாள் கழித்து, வழக்கமான ஓட்டோக்காரர் காணியைத் தாண்டும்போது சொன்னார்: "உங்கட பிள்ளையளின்ர தோட்டத்தில நல்ல பூவாப் பூத்திருக்கு, ரீச்சர்."

கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. வளைவு திரும்பியதும், "இந்த மாசத்தில" என்றார்.

மூன்று பூக்கள். மற்ற எல்லாம் தின்னப்பட்ட வெறும் தரையில், றோட்டைப் பார்த்த தூணில், யாரோ வேண்டுமென்றே வைத்ததுபோல.

கடையில் பாண் வாங்கும்போது நானா சந்தோஷமாகச் சொன்னார், மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்து, இது ஆரின்ர வேலை என்று கேட்டதாக. "பேப்பரில எழுதுறவன் போல இருக்கு. எங்கட ரீச்சரின்ர மகள்தான் எண்டு சொன்னன். வீட்டையும் காட்டினன்."

அவர் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். நான் மிச்சக் காசை வாங்காமல் வந்தேன்.

வீட்டில் மகளிடம் சொன்னபோது அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாங்கள் நடேல்ல, அம்மா. அது தானா வந்தது."

"அதை ஆருக்குச் சொல்லப் போறாய்?"

"கேக்கிறவைக்கு."

"கேக்கிறவை அப்பிடிக் கேக்க மாட்டினம். நீ போட்ட படத்தை அழி."

"பூ தானே? மான் விட்டதையும் நாங்களே பிடுங்கோணுமே?" பிறகு, கொஞ்சம் கேலியாக, "நீங்கள் தானே அளவு சொல்லித் தந்தனீங்கள். உங்களையும் பிடிக்கட்டும்" என்றாள்.

அது பகிடி. அவளுக்கு அது பகிடியாக இருக்க முடிகிறது. அப்படி இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் சில கதைகளை அவளுக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. வெளியே விட்ட சேட்டுக்குக் கீழே கைத்துப்பாக்கியால் இடுப்புப் புடைத்திருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு எத்தனை வயதில் பழகியது என்பதையும் சொல்லவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு எடுத்தேன். மகள் கம்பியூட்டர் வகுப்புக்குப் போயிருந்தாள். மத்தியானம், தூறல். மண்வெட்டியோடு காணிக்குள் இறங்கினேன். கொடி சுலபமாக வந்தது. கிழங்கு வரவில்லை. அது சீமெந்துத் துண்டுக்கு அடியில் வளைந்து போயிருந்தது. வெட்ட வெட்ட விரல் தடிப்பில் முறிந்து முறிந்து வந்தது. ஒரு முறிந்த துண்டு போதும், அது அடுத்த வருடமும் முளைக்கும். நானே கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்த பாடம்.

மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். முப்பது வயதிருக்கும். சேட்டு வெளியே.

"என்ன ரீச்சர், மழைக்க?"

நல்ல தமிழ். எங்கள் ஊர்த் தமிழ்.

"சும்மா, துப்பரவாக்கிறன்."

"வடிவான பூ. ஏன் பிடுங்கிறீங்கள்?"

பிடுங்கினால், அது என்ன பூவென்று எனக்குத் தெரியும் என்று அர்த்தம்.

"நஞ்சு, தம்பி. மான் திண்டா செத்துப்போகும்."

"மான் தின்னேல்லத் தானே" என்று சிரித்தார். வெறுந்தரையைச் சுற்றிப் பார்த்தார். "மகள் எந்த வளாகம் போட்டிருக்கிறா?"

சொன்னேன். பொய் சொல்ல நினைத்து, உண்மையைச் சொன்னேன்.

"நல்லது. கெட்டிக்காரப் பிள்ளை." போனை எடுத்தார். "இப்பிடிப் பாருங்கோ, ரீச்சர்."

கொடி என் கையில் இருந்தது. மூன்று பூவும் அதில் இருந்தன. கீழே போடவேண்டும் என்று தோன்றியது அவர் போனைப் பைக்குள் வைத்த பிறகுதான். தலையை ஆட்டி விடைபெற்று, அவசரமில்லாமல் போனார்.

அதுவரை அது ஒருவருக்கும் சொந்தமில்லாத காணியில் தானாக வந்த கொடி. நான் பிடுங்கப் போனதால்தான் அதற்கு ஒரு கையும் ஒரு முகமும் கிடைத்தன.

பின்னேரம் மகள் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், கிழங்கு முறிந்தது உட்பட. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பையை இறக்காமலே குசினிக் கதிரையில் இருந்து கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"படம் எடுக்கேக்க சிரிச்சனீங்களோ?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவர் போனைத் தூக்கினால் முகம் தானாகச் செய்கிற காரியம்.

"ஓம், சிரிச்சனான்."

அவள் எழுந்து யன்னல் பக்கம் போனாள். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். திரைச்சீலையை இழுத்து விட்டாள். பிறகு போனை எடுத்து, காணியின் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். கூட்டாளிகள் இரண்டு பேருக்கும், இனி இங்கே வரவேண்டாம் என்று குரல் செய்தி அனுப்பினாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் அவளிடம் கேட்டதில்லை. தாழ்ந்த, ஒன்றும் காட்டாத குரல். எங்கள் ஆசிரியர் அறையில் நாங்கள் கதைக்கிற குரல்.

இதுவரை யாரும் வரவில்லை. வளாகக் கடிதமும் வரவில்லை.