வாய் திறக்காத பல்லிக்கு ஒரு தடை

எங்கள் ஊரில் குரங்குக்குத் தடை இல்லை. மலைப்படியில் பக்தர் கையிலிருக்கும் தேங்காய் மூடியைப் பிடுங்கும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கோபுரத்தில் ஏறும். யாரும் தீர்மானம் போடமாட்டார்கள், அது உள்ளூர்ப் பிரஜை. ஆனால் இந்த ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு, நகர எல்லைக்குள் வெளிநாட்டுச் சிறு பிராணிகளை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று நகர்மன்றத்தில் தீர்மானம் வரப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து சொல்லலாமாம்.

வெள்ளெலி வைத்திருந்தவர்கள் அதைச் சத்தமில்லாமல் நகரியில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆந்திர எல்லையைத் தாண்டிவிட்டால் எலி எலிதான். கலர் ஆமை வைத்திருந்தவர் தன்னிடம் ஆமையே இருந்ததில்லை என்று சத்தியம் செய்தார். ஆட்சேபம் சொல்லக் கிளம்பியது ஒரே ஒருவர்தான், வேதாசலம்.

வேதாசலம் அம்மையார்குப்பத்துக்காரர். மீசை முளைத்த வயதில் விசைத்தறிக் கூடத்துக்குள் போனவர், காது போன பிறகுதான் வெளியே வந்தார். அந்தச் சத்தத்துக்குள் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே பேச்செல்லாம் கையில்தான். நூல் அறுந்ததா, இரண்டு விரலைக் கத்தரி போல வெட்டிக் காட்டு. டீ வேண்டுமா, கட்டை விரலைச் சாய். முதலாளி வருகிறாரா, மீசையைத் தடவு. உதட்டையும் விரலையும் பார்த்தே ஓர் ஆயுளுக்கான பேச்சைப் பேசி முடித்தார். திருத்தணிக்குக் குடிவந்து பெட்டிக்கடை வைத்தபோது வெளியுலகம் அவரிடம் வாயால் பேசத் தொடங்கியது. காது மந்தம் என்று தெரிந்ததும் எல்லோரும் கத்தினார்கள். கத்துகிற முகம் கோணும், கழுத்து நரம்பு புடைக்கும், உதடு புரியாது. கோபமில்லாதவர்கூட அவருக்கு முன்னால் கோபக்காரராகத் தெரிவார்.

அந்த வீட்டில் கோணாத முகம் ஒன்று வந்து சேர்ந்தது. மகள் சினேகா சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கியது. கல்யாணமாகித் துபாய் போகும்போது கண்ணாடித் தொட்டியோடு அப்பாவிடம் விட்டுப் போனாள். சாண் நீளம், மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், பருத்த வால். சிறுத்தைப் பல்லி என்று பெயராம். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. மெதுவாக மூடும், மெதுவாகத் திறக்கும், வாயோரம் எப்போதும் ஒரு சிரிப்பு. வேதாசலம் அதை நைனா என்று கூப்பிட்டார். தபாலில் வரும் டப்பாவிலிருந்து புழுவை எடுத்து இடுக்கியில் நீட்டுவார். நைனா தின்றுவிட்டுக் கண்ணை மூடும். அவரும் மூடுவார்.

அவர் மனைவி ரத்தினம்மாள் இதை ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். "கல்யாணம் ஆன புதுசுல என்னைக்கூட இப்டி பாத்ததில்ல இந்த மனுசன்."

வினை கோமளவல்லி வடிவில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி, பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையை ஒட்டிய முன்னறையில் உட்கார்ந்து, "சித்தூர் பையன் நல்லாத்தான் கீறான் அண்ணி. இன்னாவோ என் மனசுதான் வேணாம் வேணாம்னு சொல்லிகினே கீது" என்றாள். உடனே விரலை மடக்கித் தரையில் மூன்று தட்டுத் தட்டினாள். பல்லி சொன்னால் நம்மவர்கள் தட்டுவது வழக்கம்தானே. பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி சத்தம் போட்டால் பேச்சு பலிக்கும்.

"எங்கடி சொல்லுச்சு?" என்று ரத்தினம்மாள் சுவரைப் பார்த்தார்.

"அதோ, தொட்டில."

"அது ஊமைடி. வந்த நாள்லேருந்து மூச்சுகூட வுட்டதில்ல."

"என் காதுல விழுந்துச்சே அண்ணி!"

சித்தூர் வரனை நிறுத்தினார்கள். சில வாரங்களில், அந்தப் பையனுக்கு மதனப்பள்ளியில் ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது தெரிந்தது. அவ்வளவுதான். வேதாசலம் கடையில் பாக்கு வாங்க வருகிறவர்கள் முன்னறையில் உட்கார்ந்து தங்கள் குடும்பக் கதையைப் பேசத் தொடங்கினார்கள். பேச்சின் நடுவே திடீரென்று தரையைத் தட்டிவிட்டு எழுந்து போனார்கள். சிலர் முகம் மலர்ந்து போனார்கள், சிலர் செருப்பை மறந்து போனார்கள். நாள்காட்டியின் பின்பக்கத்தில் எந்தத் திசையிலிருந்து பல்லி சொன்னால் என்ன பலன் என்று அச்சடித்திருக்கிறதல்லவா, அதைக் கிழித்தெடுத்துக்கொண்டு வந்தார் ஒருவர். தொட்டி ஜன்னலோரம் இருந்தால் கிழக்கு, அரிசி மூட்டை பக்கம் நகர்த்தினால் தெற்கு. ரத்தினம்மாள் வீடு கூட்டுவதற்காகத் தொட்டியை நகர்த்திய நாளில் இரண்டு குடும்பங்களின் தலைவிதி மாறியதாகக் கேள்வி. பலன் மோசமானவர்கள் தோஷம் போகக் காஞ்சிபுரம் கோயிலுக்குப் போய், அங்கிருக்கும் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், ஒரே அறையில் நான்கு பேர் இருந்தால் தட்டுவது ஒருவர் மட்டும்தான். மற்ற மூவருக்கும் கேட்காது. யார் பேசுகிறாரோ அவருக்கு மட்டுமே கேட்டது.

வேதாசலத்துக்கு எதுவும் கேட்காது என்பதால் அவர் நைனாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். புழு தின்னும்போது தவிர ஒருமுறைகூட அது திறக்கவில்லை.

தடை எப்படி வந்தது என்றால், கவுன்சிலர் சந்திரமோகன் ஒருநாள் வாக்குக் கேட்பது போன்ற சிரிப்போடு அந்த முன்னறையில் வந்து உட்கார்ந்தார். தெருவில் கழிவுநீர்க் கால்வாய் வேண்டும் என்று வேதாசலம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கவலைய வுடுண்ணா. அடுத்த ஆடிக்கு நான் இருக்கனோ இல்லியோ, இந்தத் தெருவுக்குக் கால்வா வந்துரும்."

சொல்லி முடித்ததும் அவர் விரல் நாற்காலிக் கையைத் தட்டியது. தட்டிய விரலை அவரே பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். நைனா இமையை மூடித் திறந்தது.

"அண்ணா, இது இப்ப எதுக்கு சொல்லுச்சு?"

"எதுங்க?"

"கால்வாய்க்கா? இல்ல... அதுக்கு முன்ன சொன்னனே, அதுக்கா?"

"ஆங், கால்வா வந்தா நல்லதுதாங்க" என்றார் வேதாசலம். கவுன்சிலரின் உதடு நடுங்கியதால் அவரால் சரியாகப் படிக்க முடியவில்லை.

சந்திரமோகன் காஞ்சிபுரம் போனார். உடம்பு முழுக்கப் பரிசோதனை செய்துகொண்டார். எல்லாம் சரியாக இருந்தது, அதனால் பயம் இன்னும் கூடியது. கிருத்திகை முடிந்ததும் தீர்மானம் தயாரானது. ஒரு பல்லியின் பேரில் தீர்மானம் போட்டால் ஊர் சிரிக்கும். அதனால் நோய், சுகாதாரம், குழந்தைகள் பாதுகாப்பு என்று மூன்று துணைகளைச் சேர்த்து எல்லாச் சிறு பிராணிகளையும் உள்ளே இழுத்தார்கள்.

ரத்தினம்மாளின் தம்பி அருள்முருகன் கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஆட்டோ ஓட்டுபவன். யோசனையோடு வந்தான். கடை வாசலிலேயே நின்றுகொண்டான்.

"பாவா, நான் சொல்றத்த கேளு. அங்க போயி, இது சாமிப் பல்லின்னு சொல்லிடு. முருகன் கனவுல வந்து குடுத்தாருன்னு சொல்லு. ஒரு ஆளு கை வைக்க மாட்டான்."

"அப்றம் இத்த மலைக்குக் கொண்டாம்பாங்க. தட்சணைத் தட்டு வைப்பாங்க. எங்கிட்ட இருக்குமா?"

வேதாசலத்தின் கஷ்டம் அதுதான். தடை வந்தாலும் நைனா போய்விடும், சாமியானாலும் போய்விடும்.

"அப்ப இன்னா சொல்லப்போற?"

"உள்ளத சொல்லுவேன். இது பேசாது."

"உனுக்குக் கேக்காது பாவா, அவ்ளோதான்."

"உனுக்குக் கேட்டுச்சாடா?"

அருள்முருகன் தலையைச் சொறிந்தான். "நான் உங்க வூட்டுக்குள்ள வாயே தொறக்கறதில்ல. அதான் வெளிய நின்னுகினு பேசறேன்."

கூட்டத்தன்று காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் நைனாவை எடுத்துக்கொண்டு வேதாசலம் போனார். ரத்தினம்மாளும் கூடப் போனார். மன்றக் கூடத்தில் நல்ல வெயில் வெளிச்சம். தலைவர் ஹேமாவதி நடுவில், கவுன்சிலர்கள் இரு பக்கமும். சந்திரமோகன் ஜன்னலுக்குப் பக்கத்தில், பெட்டியைப் பார்க்காத மாதிரி பார்த்தபடி இருந்தார்.

"அத்த எதுக்குங்க இங்க கொண்டாந்தீங்க?" என்றார் ஹேமாவதி.

"நீங்க பாக்கணும்னுதாம்மா." பெட்டியை மேசை நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். "இது யாரையும் கடிச்சதில்ல. யாருக்கும் நோய் குடுத்ததில்ல. வெளிய வுட்டா ஒரு வாரம் தாங்காது, செத்துடும். ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்கல்லாம் எதுக்குப் பயப்படறீங்கன்னு எனுக்குத் தெரியும். நான் செவிடன்தான், ஆனா ஓயாம இது வாயத்தான் பாத்துகினு கீறேன். சத்தியமா சொல்றேன், இது பேசாது. ஒரு தபாகூடப் பேசினதில்ல."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

மேசையைச் சுற்றியிருந்த எல்லாக் கைகளும் ஒன்றாக மடங்கின. எல்லா விரல்களும் ஒரே நேரத்தில் மேசையைத் தட்டின. ஹேமாவதி தட்டினார், சந்திரமோகன் தட்டினார், குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவோடு தட்டினார். டீ கொண்டுவந்தவர் தட்டின் விளிம்பைத் தட்டினார். இதுவரை பேசியவருக்கு மட்டும் கேட்டது, இன்று பேசியவரைத் தவிர எல்லோருக்கும் கேட்டது. மரத்தின் அதிர்வு வேதாசலத்தின் உள்ளங்கைக்கு ஏறியது. தறி ஓடுவது போல இருந்தது.

நைனா வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி இருந்தது.

இனி என்ன முடிவெடுப்பது? பல்லி பேசாது என்பதற்குப் பல்லியே சாட்சி சொல்லிவிட்டது. சாட்சியை நம்பினால் அது பேசவில்லை, நம்பாவிட்டால் பயப்பட ஏதுமில்லை. இதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. ஹேமாவதி வாயைத் திறந்தார், பெட்டியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். தீர்மானத்தைப் படித்தால்தான் நிறைவேற்ற முடியும். 'இதனால் உயிருக்கு ஆபத்து' என்று இரண்டாம் பத்தியில் இருந்தது. பல்லிக்கு எதிரில் அதைப் படிக்க யார் முன்வருவார்? எழுத்தரிடம் நீட்டினார். எழுத்தர் தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரல் கட்டிவிட்டது என்று சைகை செய்தார். காகிதம் கைகளில் சுற்றிச் சந்திரமோகனிடம் வந்து, அங்கேயே மடிந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, பிறகு புறங்கையை அசைத்தார். போய்விடு.

ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் கையால் பேசினார்கள். வேதாசலத்துக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அந்தத் தீர்மானம் இன்றுவரை படிக்கப்படவில்லை. நைனா தொட்டியில்தான் இருக்கிறது. வேதாசலம் ஜெயித்துவிட்டார் என்று ஊர் ஒப்புக்கொள்கிறது, ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் இப்போது யாரும் பேசுவதில்லை. பால்காரர் விரலைக் காட்டி அளவு கேட்கிறார். கடையில் சாமானைத் தொட்டுக் காட்டி வாங்கிப் போகிறார்கள். கோமளவல்லி மகளைத் திட்டுவதற்குக்கூடத் தெருமுனைக்குக் கூட்டிப் போகிறாள். கத்துகிற முகம் ஒன்றுகூட இல்லை. வேதாசலத்துக்கு இது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் அவரை அரித்தது. அன்று கூடத்தில் எல்லோரும் தட்டியபோது, பின்னால் நின்ற ரத்தினம்மாள் என்ன செய்தார் என்று அவர் பார்க்கவில்லை.

"ரத்தினம், அன்னிக்கு உனுக்குக் கேட்டுச்சா?"

ரத்தினம்மாள் தொட்டியைப் பார்த்தார். மறுபடி முருங்கைக்கீரையை உருவினார்.

வேதாசலம் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். "நைனா, நீ கடசி வரைக்கும் எங்கூடவே இருப்ப" என்று சத்தமாகச் சொன்னார்.

சொல்லிவிட்டுப் பல்லியைப் பார்க்கவில்லை, மனைவியின் கையைத்தான் பார்த்தார். ரத்தினம்மாள் கீரையை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். உள்ளே ஏதோ அசைந்தது. தட்டியதா, நடுங்கியதா, துணிக்கு மேலே தெரியவில்லை.