லீவில் வந்த காய்ச்சல்

சீசன் முடிந்து மழை பிடித்த பிறகுதான் எங்களுக்கு லீவு. அப்போது நான் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் கணக்கப்பிள்ளை. ஏப்ரல், மே இரண்டு மாசமும் வருகிறவர் போகிறவரிடம் வெந்நீர் வந்ததா, கம்பளி போதுமா என்று கேட்டே தொண்டை வற்றிவிடும். ஜூனில் பத்து நாள் கிடைக்கும். அதில் பெரியகுளம் போய்த் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவது ஒன்றுதான் என் மனைவிக்கு வருஷம் பூராவும் ஆசை.

அந்த வருஷம் எனக்கு மலையிறங்கவே பிடிக்கவில்லை. "உலகமே லீவுக்கு இங்கதான் வருது. நாம எதுக்குக் கீழ போய் வேகணும்? பேசாம வீட்டுலயே கெடப்போம்" என்றேன். அவள் பெட்டியில் அடுக்கிய சேலைகளை வெளியே எடுத்து வைத்தாள். பார்த்துக்கொண்டேதான் போர்வையை இழுத்து மூடினேன். அத்தைக்கு ஏதாவது சொல்லவேண்டுமே! மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உங்கள் மகளுக்குக் காய்ச்சல், வர முடியாது என்று ஒரு கார்டு எழுதிப் போட்டேன். படுபாவி!

நாலாம் நாள், கொட்டுகிற மழையில் அத்தை வாசலில் நிற்கிறார். கையில் மாம்பழக் கூடை. மலைப் பாதையில் வாந்தியெடுத்து முகமே செத்துப்போயிருந்தது.

"காய்ச்சல் எப்பிடி ஆத்தா இருக்கு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினேன்.

"நேத்துத்தாம்மா விட்டுச்சு" என்றாள்.

அவ்வளவுதான். விட்ட காய்ச்சல் திரும்பிவிடும் என்று அத்தை அவளை எழவே விடவில்லை. மூன்று வேளையும் கஞ்சி. மாம்பழம் அவளுக்கு ஆகாது, மாப்பிள்ளைக்கு மட்டும். அந்தப் பழமென்றால் அவளுக்கு உயிர். நான் தின்னும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வேண்டாமென்றால் அத்தை விடுவாரா? விழுங்க முடியாமல் விழுங்கினேன். உண்மையைச் சொல்லித் தொலைப்போம் என்று தினமும் வாயெடுப்பேன். தைரியம் வராது.

அத்தை வந்த ஐந்தாம் நாள் வெள்ளனே பஸ் ஏற்றிவிடப் போனோம். அத்தை என்னிடம் நேராகப் பேசுகிற வழக்கமே இல்லை. எதுவானாலும் மகளிடம் சொல்லித்தான் எனக்கு வரும். அன்றைக்கு ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"மாப்பிள்ளைக்குக் கெடைக்கிறதே பத்து நாளு. அதையும் எம் மகளுக்குக் காவல் இருந்தே கழிச்சிட்டீங்க. நீங்க நல்லாருக்கணும்."

பஸ் கிளம்பிப் போயிற்று. வீடு வந்ததும் என் மனைவி கஞ்சிச் சட்டியைக் கழுவப் போனாள். நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.