வாளியும் ஊன்றுகோலும்

வெள்ளிக்கிழமை விடிந்தால் எனக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தென்னந்தும்பு கட்டிய தும்புத்தடியால் தேய்த்து, பின்கதவு வழியாக வெளியே தள்ளிவிட்டால்தான் எனக்கு வீடு வீடாக இருக்கும். ஈரத்துணியால் துடைப்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது ஒரு மூலையில் இருக்கும் அழுக்கை இன்னொரு மூலைக்குக் குடியேற்றும் வேலை. உக்குவளையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் என் சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு கைதி உண்டு. என் வீட்டுக்காரர்தான். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருடைய இடது கால் சூம்பிவிட்டது. ஒற்றை ஊன்றுகோலோடு பஸ் ஏறி மாத்தளை டவுனுக்குப் போய், தன் கடையில் ரேடியோவும் போனும் பழுதுபார்த்துவிட்டு வருவார். மழையென்றும் மேடென்றும் பார்க்காத மனிதர். ஆனால் கழுவிய தரை மட்டும் அவருக்கு ஆகாது. ஊன்றுகோலின் அடியிலுள்ள ரப்பர் ஈரத்தில் சறுக்கிவிடும்.

"தரை காயிற வரைக்கும் அங்கேயே உக்காருங்க. கால தூக்கி கட்டில்ல வச்சிக்கிங்க" என்று வாளியோடு நின்று கத்துவேன்.

"ஜெயில்ல இருக்கிறவனுக்குக்கூட நேரத்துக்கு தேத்தண்ணி குடுப்பாங்க" என்பார் உள்ளேயிருந்து.

இப்படியே சிரித்துக்கொண்டு காலம் போயிருக்கும். தரைதான் ஒத்துக்கொள்ளவில்லை. மெழுகு பூசித் தேய்த்த பழைய சிவப்புச் சீமெந்து அங்கங்கே வெடித்து, தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்டது. சுவரோரமெல்லாம் உப்புப் பூத்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் தேய்த்த தேய்ப்பில், குசினிக் கதவு நிலையின் அடிக்கட்டை ஊறவைத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்து தும்புத்தடியோடு வந்துவிட்டது. அலறிவிட்டேன்.

மேசன் பாஸ் வந்து குந்தியிருந்து பார்த்தார். எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவரை அப்படித்தான் சொல்வோம். வெடிப்புக்குள் ஒரு கம்பியை விட்டு எடுத்து, ஈரத்தைக் காட்டினார்.

"அக்கா, நீங்க வீட்ட கழுவல. இத்தன வருசமா அத்திவாரத்த கழுவிக்கிட்டு இருக்கீங்க."

கோபம் வந்தது. ஆனால் அடுத்த நிமிடமே ஒரு சந்தோஷமும் வந்தது. அப்படியென்றால் புதுத் தரை! வீடு முழுக்கப் புதுத் தரை! மாசித் தேர் பார்க்கச் சொந்தக்காரர்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மாத்தளைக் கோயிலில் தேர் என்றால் எங்கள் வீட்டில் பாய் விரிக்க இடம் இருக்காது.

என் மனதில் எந்தத் தரை என்பதெல்லாம் எப்போதோ முடிவாகியிருந்தது. என் அண்ணன் வீட்டில் போட்டிருக்கும் டைல்ஸ். வெள்ளை வெளேரென்று, குனிந்தால் முகம் தெரியும். தண்ணீரை ஊற்றி ஒரு தள்ளு தள்ளினால் போதும். இரவில் படுத்தபடி அதன் பளபளப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

"ஒங்க அண்ணன் வீட்டுல நான் விழுந்தத மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சலன்று யாரோ சிந்திய சர்பத்தில் ஊன்றுகோல் சறுக்கி, கூடம் நிறைந்த சனத்துக்கு நடுவே விழுந்தார். விழுந்தவர்தான் முதலில் சிரித்தார். வீட்டுக்கு வந்தபின் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு டைல்ஸ் போட்ட வீடுகளுக்கு விசேஷமென்றால் வாசலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"அந்த மாதிரி போட்டா, இந்த வீட்டுலயும் நான் வாசல்ல உக்காந்துட்டு போற விருந்தாளிதான்" என்றார்.

பளபளப்பு அந்த நிமிடமே மனதிலிருந்து இறங்கிவிட்டது என்று சொன்னால் பொய். இறங்க நாளாயிற்று. ஆனால் வேண்டியது என்ன என்பது தெளிவாகிவிட்டது. என் வாளிக்கும் ஈடு கொடுக்க வேண்டும், அவர் ஊன்றுகோலுக்கும் பிடி கொடுக்க வேண்டும். அப்படி ஒரு தரை உலகத்தில் இருக்கிறதா இல்லையா, பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

என் நாத்தனார் போனில் பலகை மாதிரி ஒட்டும் தரை ஒன்றைச் சொன்னாள். காலுக்கு இதமாம், வழுக்காதாம். ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி, தண்ணி மட்டும் ஊத்தக்கூடாது. அடியில எறங்கினா பலகை உப்பி எழும்பிரும்."

தண்ணீர் ஊற்றக்கூடாதாம்! பிறகு எதற்கு அது தரை? சுவரில் மாட்டிவைக்க வேண்டியதுதானே? போனை வைத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேருமாக மாத்தளையில் டைல்ஸ் கடைக்குப் போனோம். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், அவருடைய ரேடியோவுக்கு இவர்தான் வைத்தியம். அவர் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சாய்த்துவைத்துக் காட்டினார். நான் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். காய்ந்த டைல்ஸைத் தடவி என்ன தெரியப்போகிறது? திடீரென்று எனக்கு உடம்பெல்லாம் உஷார் வந்துவிட்டது.

"நானா, ஒரு வாளி தண்ணி குடுக்கிறீங்களா?"

"குடிக்கவா தங்கச்சி?"

"ஊத்த!"

அவர் முழித்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. கடைக்குப் பின்னால் சாமான் இறக்கும் முற்றத்தில், வகைக்கு ஒன்றிரண்டாகத் தரையில் பரப்பச் சொன்னார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை ஊற்றினேன். சவர்க்காரத் தண்ணீரும் கொஞ்சம் கலந்தேன், நம் வீட்டில் அப்படித்தானே கழுவுகிறோம். சீமெந்து வாங்க வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரருக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

முதலில் என் ஆசை வெள்ளை. ஊன்றுகோலை வைத்துச் சாய்ந்ததுதான் தாமதம், சர்ரென்று போனது. நானாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். கூட்டத்தில் ஒருவர், "அண்ணே, அது வேணாம்!" என்று கத்தினார். அடுத்தது பூப்போட்டது. அதுவும் சறுக்கியது. மரக்கோடு போட்ட ஒன்று கொஞ்சம் நின்று, பிறகு கைவிட்டது. வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் போடுகிற முரட்டு டைல்ஸ் சிக்கென்று பிடித்தது, ஆனால் அதைத் தேய்த்தால் தும்புத்தடி மொட்டையாகிவிடும். அழுக்கும் அதற்குள்ளேயே குடியிருக்கும்.

கடைசியில் நானா உள்ளே போய், இன்னொரு வகையில் நாலைந்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்து பரப்பினார். மழைமேகச் சாம்பல் நிறம், மினுக்கம் கிடையாது, தடவினால் மெல்லிய சொரசொரப்பு.

"இத யாரும் எடுக்கிறதில்ல தங்கச்சி. மினுங்கலன்னு சொல்லி வச்சிட்டு போறாங்க. தண்ணிக்கு இது நல்ல சாமான்."

நான் மீதித் தண்ணீரை முழுக்க ஊற்றினேன். அவர் ஊன்றுகோலை வைத்தார். நின்றது. சாய்ந்தார். நின்றது. ஒரு எட்டு வைத்தார், இன்னொரு எட்டு வைத்தார். பரப்பிய டைல்ஸ் முடிந்ததும் தானாகவே திரும்பி, யாரும் பிடிக்காமல் நடந்து வந்தார். முற்றத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்! அத்தனை பேருக்கு முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, நிறம் கொஞ்சம் மங்கல்தான் என்று குறை சொன்னேன்.

பிறகு வேலை ஆரம்பமானது. பழைய தரையை உடைத்து எடுத்து, மண்ணை இடித்து இறுக்கி, கீழேயிருந்து ஈரம் ஏறாமல் கறுப்புப் பொலித்தீன் விரித்து, அதன்மேல் கொங்கிரீட் போட்டார் பாஸ். நிலைகளின் அடியை வெட்டி, மரம் தண்ணீரில் படாதபடி சீமெந்துக் கட்டை வைத்தார். தரை பின்கதவைப் பார்த்து லேசாகச் சரிந்திருக்க வேண்டும், ஆனால் ஊன்றுகோலுக்குத் தெரியக்கூடாது என்பது என் உத்தரவு. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று, கொங்கிரீட் நன்றாக இறுகியதும் வாளியைத் தூக்கினேன்.

ஊற்றினேன். தண்ணீர் பின்கதவுக்குப் போகவில்லை. நிதானமாகத் திரும்பி, சாமித்தட்டு இருக்கும் மூலைக்குப் போய் நின்றது.

"சாமி கும்புட போகுது" என்றார் அவர்.

பாஸுக்கு முகம் சுண்டிவிட்டது. "தண்ணிக்கு கண்ணா இருக்கு அக்கா? கொஞ்சம் அப்படி இப்படித்தான் போகும்."

"கண்ணு எனக்கு இருக்கு பாஸ். மறுபடி பூசுங்க."

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பூசினார். மறுபடி ஊற்றினேன். இந்த முறை தண்ணீர் கூடத்தைக் கடந்து, குசினியைக் கடந்து, பின்கதவு வழியாகத் தானே இறங்கிப் போனது. நான் துள்ளிக் குதித்தேன். பாஸும் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுக்கும் இப்படித்தான் போடணும்" என்றார். சாம்பல் டைல்ஸ் ஒட்டி, இடுக்கெல்லாம் அடைத்து, மிஞ்சிய துண்டுகளை அலுமாரிக் கால்களுக்கு அடியில் கொடுத்தார். என் அண்ணன் மனைவி வந்து பார்த்துவிட்டு, "ஏன் இப்படி மங்கலா எடுத்தீங்க?" என்றாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. எனக்கே ஆச்சரியம்தான்.

தேருக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தது. முதல் கழுவல்! மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன். பழக்கம் விடுமா? "தரை காயிற வரைக்கும் அங்கேயே உக்காருங்க!" என்று கத்திவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து வழக்கமான ஜெயில் பேச்சு வரவில்லை.

பின்னால் தொப், தொப் என்று ஒரு சத்தம். திரும்பினால், பாதம் நனைய, ஓடும் தண்ணீருக்குள் ஊன்றுகோலை ஊன்றி அவர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"ஐயோ, நில்லுங்க! அங்கேயே நில்லுங்க!"

நிற்கவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. கூடத்தைத் தாண்டி நேரே என்னிடம் வந்து, என் கையிலிருந்த தும்புத்தடியை வாங்கினார்.

"அந்த மூலைய விட்டுட்ட" என்றார்.

ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் தும்புத்தடி. ஒரு தள்ளு தள்ளினார். தண்ணீர் பின்கதவைப் பார்த்து ஓடியது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? போ, போய் கட்டில்ல உக்காரு. தரை காயிற வரைக்கும் எறங்கக்கூடாது."

போய் உட்கார்ந்தேன். காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டேன். அழுகையும் சிரிப்புமாக, உள்ளேயிருந்து நானும் கத்தினேன்.

"ஜெயில்ல தேத்தண்ணி குடுப்பீங்களா?"