ஒரு தட்டுக்கு ஏழு கிராம்

தொழிற்சாலை கேன்டீனில் அவரை எல்லோரும் மொறுமொறு என்றுதான் கூப்பிட்டார்கள். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, நிதானமான தீயில் பொன்னிறமாகப் பொரித்து, பரிமாறும் ஜன்னலில் நின்று ஒவ்வொரு தட்டின் மேலும் தூவுவது பத்தொன்பது ஆண்டுகளாக அவர் வேலை. உரித்த வெங்காயம் ஒரு கிலோ பொரிந்து வந்தால் முந்நூறு கிராம் தேறுவதே பெரிய பாடு, மிச்சமெல்லாம் ஆவி.

மனைவி இறந்து ஆறு வருடம். மகள் தொலைவில் இருக்கிறாள்; ஞாயிறுதோறும் நான்கு நிமிடம் பேசுவாள். மற்றபடி அவரிடம் யாராவது பேசுவது மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டு வரை, அந்த ஜன்னலில் மட்டும்தான்.

“என்ன மொறுமொறு, கை சுருங்குது? உங்க வீட்டுச் சொத்தா?” என்பார் லேத் ஓட்டும் கடைசல்காரர்.

“இன்னும் போட்டா உன் தொப்பைக்கு யாருப்பா பதில் சொல்றது?”

ஒரு திங்கட்கிழமை, புதிதாக வந்த உணவு ஆலோசகரான இளம்பெண் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினாள். அதில் ‘பொரித்த வெங்காயம்: 570 கலோரி’ என்றிருந்தது. கடைசல்காரர் தட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

“வேணாம்ணே. ஒரு வேளைச் சாப்பாடே அவ்வளவுதானாம்.”

பின்னால் நின்றவர்களும் பேசாமல் நகர்ந்தார்கள். நான்கு நாள் அப்படியே போனது.

வெள்ளிக்கிழமை அவர் தராசைத் தூக்கிக்கொண்டு ஆலோசகரின் அறைக்குப் போனார். ஒரு தட்டுக்குத் தூவும் அளவை நிறுத்துக் காட்டினார். ஏழு கிராம்.

“நீங்க எழுதினது எத்தனை கிராமுக்கும்மா?”

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, நூறு கிராமுக்கு! அதை எழுத விட்டுட்டேன். ஏழு கிராம்னா நாப்பதுதான். பொரிச்சா எண்ணெய் ஏறும், வைட்டமின் சி பெரும்பாலும் போயிடும். ஆனா இவ்வளவுக்கு யாரும் பயப்பட வேணாங்க.”

பட்டியல் திருத்தப்பட்டது: ‘ஒரு ஸ்பூன், ஏழு கிராம், 40 கலோரி.’ மேலாளருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அடுத்த திங்களன்று ஜன்னலில் ஒரு டப்பாவும் ஏழு கிராம் பிடிக்கும் ஸ்பூனும் இருந்தன.

“அளவுதான் தெரிஞ்சுபோச்சே, அவங்கவங்களே போட்டுக்கட்டும். வயசான காலத்துல எதுக்கு நிக்கணும்? உள்ளே உக்காந்து நிம்மதியா பொரிங்க,” என்றார் மேலாளர்.

அவர் தலையாட்டினார். அன்று டப்பா மூன்று முறை காலியாகி உள்ளே வந்தது. யாரும் வரவில்லை.

மாலை பேருந்தில், இறங்குகிற இடம் வந்ததும், தெரிந்திருந்தும் நடத்துநரிடம் கேட்டார். “தம்பி, இது எந்த ஸ்டாப்?”

“என்ன பெரியவரே, தினம் இங்கதானே எறங்குறீங்க?”

“ஆமாம்ப்பா,” என்றார். பின்னால் இருந்தவர் அவசரப்படுத்தும் வரை படியிலேயே நின்றார்.