கண்குழியில் முளைத்த மயிர்

ஜொகூர் பாருவில் நான் டிரஸ்ஸராக வேலை பார்த்த காலத்தில் என் மூக்குதான் எனக்குப் பெரிய தொல்லை. புண்ணைக் கழுவுவேன், கட்டுப் போடுவேன், வெள்ளைக்கார டாக்டர் பேசுவதைத் தமிழாட்களுக்கு எடுத்துச் சொல்வேன். கை நடுங்காது. நாற்றம் மட்டும் பழகவே இல்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்தால் கையிலிருந்து வார்டு வாடை எழும்பும்.

சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாதை போட்ட புதிது. ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஒரு பெண்ணை அவள் புருஷன் ரயிலில் கூட்டி வந்தான். முகத்தில் பாதியை முந்தானையால் மறைத்திருந்தாள். விலக்கச் சொன்னேன். வலது கண் தன் இடத்தில் இல்லை. கீழேயும் மூக்குப் பக்கமாகவும் தள்ளப்பட்டுப் பிதுங்கி நின்றது. புருவத்தின் வெளி ஓரத்தில் கொட்டைப்பாக்குப் போல ஒரு வீக்கம். அதன்மேல் காய்ந்து வெடித்த பச்சை நிறப் பற்று.

"என்னத்தப் பூசியிருக்கீங்க?"

"சாணியும் பொகையிலையுங்க. பூசாரி போடச் சொன்னாரு" என்றான் புருஷன்.

வெந்நீரில் ஊறவைத்துப் பற்றை உரித்தேன். அடியில் தோல் அழுகி, புழு வைத்திருந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்ச் சாக்கடை ஓரம் நின்று வாந்தி எடுத்தேன். அவள் மட்டும் ஒரு முனகல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் முதலில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். புற்றாக இருந்தால் கண்ணையும் சேர்த்தே எடுக்க வேண்டிவரும் என்றார். அதைத் தமிழில் சொன்னதும் அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் யோசிக்கவே இல்லை.

"எடுத்துடுங்க தொரை. எனக்குப் பாக்கவே அருவருப்பா இருக்கு. இவ வச்ச சோத்தத் திங்க முடியல."

தோல் ஆறும்வரை டாக்டர் கத்தியைத் தொடவில்லை. ஆறியதும் நிதானமாகச் சோதித்தார். மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்து ரத்த ஓட்டத்தின் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார். கேட்கவில்லை. குனியச் சொன்னார். வீக்கம் பெரிதாகவில்லை. அந்தக் கண்ணால் விரல்களை எண்ணச் சொன்னார். சரியாக எண்ணினாள். சுண்டுவிரலைப் புருவ எலும்புக்கு அடியில் நுழைத்துத் தடவினார்.

"எலும்பு அரித்துப்போகவில்லை, வழவழவென்று குழிந்திருக்கிறது. எப்போதிலிருந்து இருக்கிறது, கேள்."

கேட்டேன்.

"சின்னப் புள்ளையிலேருந்து இருக்குங்க. அப்ப மொளகு அளவு. புள்ள பெத்தப்புறந்தான் பெருசாச்சு."

டாக்டர் முகம் தெளிந்தது. புற்று இல்லை என்றார். கருவில் முகம் உருவாகும்போது தோலில் ஒரு துணுக்கு எலும்புகளின் பொருத்துக்குள் சிக்கிக்கொண்டு விடுகிறதாம். உள்ளே மாட்டினாலும் தோல் தன் வேலையை விடாமல் செய்கிறது. எண்ணெய் கசிகிறது, மயிர் முளைக்கிறது, எல்லாம் ஒரு பைக்குள் சேர்ந்து வீங்குகிறது. கண்குழிக்குள் இவ்வளவு ஆழத்தில் அபூர்வமாகத்தான் வருமாம். நான் ஒவ்வொரு சொல்லாக அவளுக்குச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். புருஷன் வராந்தாவில் வெற்றிலை துப்பிக்கொண்டிருந்தான்.

அறுவைக்கு மயக்கம் கொடுக்க நான்தான் குளோரோபாரம் சொட்டினேன். அதனால் என் முகம் அவள் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. புருவத்தை ஒட்டிக் கீறி, எலும்போரமாகப் பையைப் பிரித்துக்கொண்டே போனார் டாக்டர். பாதி வந்திருக்கும், பை கிழிந்தது. கெட்டுப்போன வெண்ணெய்போல மஞ்சளாகக் கொழகொழவென்று வழிந்தது. அதில் சுருண்டு சுருண்டு கறுப்பு மயிர். அந்த நாற்றத்தை என்ன சொல்ல! உதவிக்கு நின்ற மலாய்க்காரர் "அலமாக்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்ப முடியாது, அவள் மூச்சைப் பார்க்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சொட்டினேன். பையின் துளி மிச்சமிருந்தாலும் மறுபடி வளரும் என்று டாக்டர் அதன் தோலைக் கடைசி நூல்வரை உரித்தெடுத்துத் தட்டில் போட்டார்.

மயிர் இருந்த செய்தி எப்படியோ வராந்தாவுக்குப் போய்விட்டது. அவள் தெளிந்து படுத்திருந்தபோது புருஷன் ஓடிவந்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல! பக்கத்து வீட்டுக் கெழவி வச்ச செய்வினைதான். அந்தத் தட்டக் குடுங்க, லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் காட்டணும். போன தடவ சாணியக் கரைச்சு அவ வாயில ஊத்துனோம், அப்பவும் ஒத்துக்கல."

சொல்லும்போதே சிரித்தான். ஒரு கிழவியைப் பிடித்து வைத்து வாயில் சாணி ஊற்றியதைத் திருவிழா பார்த்தவன்போலச் சொன்னான். தட்டில் இருந்ததைவிட அந்தச் சிரிப்பு நாறியது; தட்டை அவன் கைக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டேன்.

"எனக்குக் காட்டுங்க அண்ணே" என்றாள் அவள்.

காட்டினேன். கட்டுப் போடாத கண்ணால் வெகுநேரம் பார்த்தாள்.

"அவ தல பூரா நரைச்சுக் கெடக்கு. இது கறுப்பா இருக்கு. இது எந் தோலு, எம் மயிரு. டாக்டரு சொன்னத நான் கேட்டேன்." புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். "அவ வாயில நீங்க ஊத்துனப்ப நானும் நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

பிறகு என்னிடம், "எரிச்சிடுங்க. இவரு கையில குடுத்துடாதீங்க" என்றாள்.

டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக் கழிவு எரிக்கும் அடுப்பில் போட்டேன். மயிரும் கொழுப்பும் கருகும் நாற்றம் சட்டையில் ஏறிக்கொண்டது. அந்தச் சட்டையை வீட்டில் துவைக்க மறுத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் அவளுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பிறகு கண் தன் இடத்துக்கு வந்தது. மறுபடி சோதனைக்கு வந்தபோது கூட வந்தவள் நரைத்த தலையோடு ஒரு கிழவி. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கையில் மெதுவாகக் கேட்டேன்:

"மன்னிச்சிட்டீங்களா ஆத்தா?"

கிழவி என்னை முறைத்தாள்.

"யாரு சொன்னா? வந்து கால்ல விழுந்தா. கதவச் சாத்திட்டேன். இவளுக்குத் தனியா ரயிலேறத் தெரியாது, புருஷனோட வர மாட்டேன்னுட்டா. அதான் வந்தேன். அந்த ருசி இன்னும் என் நாக்க விட்டுப் போகல தம்பி."

வெற்றிலையைச் சுருட்டி வாயில் அடக்கிக்கொண்டு, திரும்பிப் போகிற ரயில் எப்போது என்று விசாரித்தாள்.