தண்ணீர்த் தொட்டியில் எடுத்த படம்

இந்த வளைகுடா நாட்டில், லீவு நாளான வெள்ளிக்கிழமை காலையில் ஃபஹாஹீல் கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போனால், முதுகுக்குப் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம் வரும். ஒதுங்கி நின்று பார்த்தால், கம்பெனிக் குடியிருப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பையன் பலகை ஒன்றின் மேல் நின்றபடியே நம்மைக் கடந்து போவான். பலகைக்கு அடியில் நான்கு சக்கரம். கைகால் திடமாக இருக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நான் சக்கரப் பலகையைப் பார்த்து வளர்ந்த இடம் திருநெல்வேலி ஜங்ஷன். அங்கே இரண்டு காலும் இல்லாத ஒருவர், பால்பேரிங் வைத்த பலகையில் உட்கார்ந்து, இரு கையாலும் தரையைத் தள்ளிக்கொண்டு பிளாட்பாரத்தில் வருவார். ரயில் கிளம்புவதற்குள் எத்தனை ஜன்னலுக்குப் போய்ச் சேர முடியும் என்பதுதான் அவர் பிழைப்பு. இங்கே அதற்கு ஸ்கேட்போர்ட் என்று பெயர். லீவு முடிந்து அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகள் விளையாடட்டும், எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. என் கோபமெல்லாம் ஒரு படத்தின் மேல்.

கோபம் ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். ஃபஹாஹீலுக்கு வெளியே இருக்கிறது எங்கள் லேபர் கேம்ப். நான் அங்கே சைட் சூப்பர்வைசர், சிவில் டிப்ளமா. இந்த ஊரில் நிலத்தைத் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிக்கிற தண்ணீரைக் கடலிலிருந்து காய்ச்சி எடுத்து லாரியில் கொண்டுவருவார்கள். அதைச் சேர்த்து வைக்கக் கேம்ப்புக்கு ஒரு பெரிய தரைத்தொட்டி கட்டச் சொன்னார்கள். வேலையில் முன்னால் நின்றவர் சுடலைமுத்து என்ற கொத்தனார், சாத்தான்குளம் பக்கத்துக்காரர். நம் ஊரில் தண்ணீர்த் தொட்டி கட்டினால் தரையும் சுவரும் சேருகிற மூலையை வளைவாக உருட்டித்தானே பூசுவோம், அழுக்கு தங்கக் கூடாது, கசியக் கூடாது என்று. இங்கே காற்றோடு மணலும் வந்து விழும். “கொஞ்சம் தாராளமாவே உருட்டும்யா, வாரியலை ஒரே இழுப்பா இழுத்தா மணல் பூரா வந்துரணும்” என்றேன். அவர் முழங்கால் உயரத்துக்கு உருட்டி, சிமெண்டுப் பால் விட்டுக் கண்ணாடி மாதிரி தேய்த்துவிட்டார். கம்பெனி இன்ஜினீயர் வந்து தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த வழுவழுப்புதான் எங்களுக்கு வினையாகப் போனது. கூரைத் தகடு வரும்வரை தொட்டி திறந்து கிடந்ததைப் பையன்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால், ஏழெட்டுப் பேர் உள்ளே இறங்கி, தரையில் உருண்டு, வளைவில் ஏறி, சுவரைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் அவர்களுடைய பள்ளிக்கூட வாத்தியார் கார்ல் என்பவர் கேமராவோடு வந்தார். கலிபோர்னியாக்காரர். ஸ்கேட்போர்ட் பிறந்து வளர்ந்த கதையை டாக்குமெண்டரியாக எடுக்கிறாராம், பாதியை ஊரிலேயே எடுத்து முடித்துவிட்டாராம், மீதிக்கு இந்தத் தொட்டிதானாம். படம் முடிகிறவரை தொட்டியை நிரப்ப வேண்டாம் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. கூரைத் தகடு வந்து இறங்கிப் பக்கத்திலேயே அடுக்கிக் கிடந்தது.

அப்போது கோடை. தண்ணீர் பழையபடி டிரம்மில்தான் வந்தது, ஆளுக்கு ஒரு வாளி. சமையலுக்கும் குடிக்கவும் போக அதில் என்ன மிஞ்சும்? பூச்சு வேலை செய்கிறவனுக்குச் சாயங்காலம் கைகாலை நல்ல தண்ணீரில் கழுவுவது சோற்றைவிட முக்கியம். கழுவாவிட்டால் சிமெண்டு தோலைத் தின்னும். உப்புத் தண்ணீரில் கழுவினால் புண் இன்னும் எரியும். சுடலைமுத்துவின் கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சதை தெரிந்தது. அந்தக் காலோடு அவரையே தொட்டிக்குள் இறக்கி, படம் எடுப்பதற்கு முன்னால் மணலைக் கூட்டச் சொன்னார்கள்.

“அண்ணாச்சி, இது தண்ணிக்குக் கட்டுனதா, இவனுவ சறுக்குறதுக்குக் கட்டுனதா? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

கேட்டேன். கேம்ப் பாஸ் பம்பாய்க்காரர், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. “சப்ர் கரோ பாய், மாஃபி முஷ்கில்.” பொறுத்துக்கொள், பிரச்சினை ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவருடைய அறைக்குத் தனிக் குழாய் இருந்தது, அவருக்கு என்ன பிரச்சினை வரும்? ஆபீசுக்கும் போனேன். பிள்ளைகளின் விளையாட்டில் இவ்வளவு வெறுப்பா என்று மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

படம் எடுத்து முடித்தபோது சுடலைமுத்துவால் ஷூ போட முடியவில்லை. டூட்டிக்கு லாயக்கில்லை என்று சொல்லி, எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல், அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார். காண்ட்ராக்ட் பாதிகூட முடியவில்லை. ஏர்போர்ட்டுக்கு ரப்பர் செருப்போடுதான் போனார். அதற்குப் பிறகுதான் தொட்டிக்குக் கூரை போட்டுத் தண்ணீர் விட்டார்கள்.

சில மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் குடியிருப்பு கிளப்பில் படத்தைக் காட்டினார்கள். தொட்டி கட்டியவர் என்று கார்ல் என்னையும் அழைத்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாதி கலிபோர்னியா. அலை இல்லாத நாளில் கடற்கரைப் பையன்கள் ரோட்டில் பலகை ஓட்டப் பழகியது, சக்கரம் மாறிய பிறகு எங்கும் ஏற முடிந்தது, மழை பொய்த்து நீச்சல் குளங்கள் வற்றியபோது அவற்றுக்குள் இறங்கியது எல்லாம் வந்தது. நன்றாகவே எடுத்திருந்தார். பிறகு எங்கள் தொட்டி வந்தது. மனித வாசனையே இல்லாத பாலைவனத்தில், யாரோ கைவிட்டுப் போன ஒரு தொட்டியை நம் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள் என்றது குரல். திரையின் ஓரத்தில் எங்கள் கேம்ப் கொடியில் லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன. கைவிட்டுப் போனதாம்! கலிபோர்னியாவில் குளம் தானாக வற்றியது. இங்கே வாளியோடு மனிதர்கள் காத்து நிற்க, வேண்டுமென்றே காயப்போட்டார்கள்.

அடுத்து சுடலைமுத்து வந்தார். வாரியலோடு குனிந்திருக்கிறார். பின்னாலிருந்து ஒரு பையன் பலகையில் பாய்ந்து வர, வெந்த காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிக் குதித்து ஒதுங்குகிறார். ஹால் முழுக்கச் சிரிப்பு. குடும்பத்தோடு வந்திருந்தவர்கள், குழந்தைகள், எல்லோரும் சிரித்தார்கள்.

விளக்கு போட்டதும் எழுந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அந்தத் தொட்டி யாரும் கைவிட்டதில்லை, நாங்கள் குடிக்கக் கட்டியது, நீங்கள் சிரித்த மனிதர்தான் அதைப் பூசியவர், அவர் கால் போய்விட்டது என்றேன். கோபத்தில் வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. கார்ல் முகம் மலர்ந்து, “இவர்தான் அதைக் கட்டியவர்” என்று சபைக்குச் சொன்னார். எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் திரும்பி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்கும் இதே மாதிரி ஒன்று கட்டித் தர முடியுமா என்று அன்பாகக் கேட்டார். “முடியாது” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏசியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏசியிருப்பேன்.

போன லீவில் சாத்தான்குளம் போய் சுடலைமுத்துவைப் பார்த்தேன். சிமெண்டு வேலைக்குப் போக முடியாமல் ஒரு மரக்கடையில் காவலுக்கு இருக்கிறார். அவர் மனைவி தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரைச் செம்பில் கொடுத்தார். லேசாக உப்புக் கரித்தது. படத்தைப் பற்றிச் சொல்லித் தீர்க்கத்தான் போயிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

“அண்ணாச்சி, நம்ம தொட்டி நெறஞ்சிட்டா?”

“நெறஞ்சிட்டு.”

“எங்கனயும் கசியலயே?”

“ஒரு சொட்டுகூட இல்ல.”

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. “நல்லது. இப்ப இருக்கவனாவது கால் கழுவட்டும்” என்றார். அதற்கு மேல் படத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? சொல்லாமலே எழுந்து வந்தேன்.

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை கேம்ப்பில் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. புதிதாக வந்த பையன்கள் சோப்பு போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சுடலைமுத்து என்றால் யாரென்று தெரியாது. ரோட்டுப் பக்கமிருந்து அந்தக் கரகர சத்தம் வந்தது. நான் வாளி நிறையப் பிடித்து, சிமெண்டே படாத என் காலை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.