துரையின் வெயில் கணக்கு

1. மண்வெட்டிகள் வாசலுக்கு வந்த நாள்

புல் வெட்டும் கேங் மொத்தமும் மத்தியானத்தில் வேலையை நிறுத்திவிட்டு வந்து, மண்வெட்டிகளை ஆபீஸ் வாசலில் போட்டபோது நான் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "கிராணியம்மா, நீங்க போய் என்னான்னு கேளுங்க. பொம்பளைங்க விசயம்," என்றார். வம்பு வந்தால் அது பொம்பளைங்க விசயம். நல்ல பேர் கிடைக்கிற காரியம் என்றால் அவர் விசயம். அந்த ஆபீஸுக்கு முதலில் வந்த பெண் கிராணி நான்தான். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்து, இது நடந்தபோது பத்து வருடம் ஓடியிருந்தது. அதனால் இந்தச் சாமர்த்தியமெல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது.

வெளியே போனேன். கேங்கை வேலை வாங்கும் மண்டோர் அஞ்சலை முன்னால் நின்றாள். பெண்கள் மண்டோராக இருப்பது அப்போது அபூர்வம். அஞ்சலையின் வாயைக் கேட்டால் ஏன் அவளை மண்டோர் ஆக்கினார்கள் என்பது புரிந்துவிடும்.

"செல்வி மறுபடியும் விழுந்துட்டா. டிரெஸர் ஐயா ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிருக்காரு. தொரையப் பாக்கணும்," என்றாள்.

செல்வி அவளுடைய தங்கச்சி. புருஷன் இறந்து, இரண்டு பிள்ளைகளோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் இருந்தாள். போன மாதமும் இப்படித்தான் காட்டில் மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தம் இல்லை, உச்சி வெயிலில் நிற்கவே கூடாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் சொல்லிவிட்டார். நிற்காமல் என்ன செய்வது? எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். அதனால் அஞ்சலை ஒரே ஒரு கோரிக்கையோடு வந்திருந்தாள். ரப்பர் பால் வெட்டுகிறவர்களோடு சேர்ந்து விடிகிற நேரத்திலேயே தன் கேங்கும் காட்டில் இறங்க வேண்டும், உச்சிக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை, நேரத்தைத்தான் மாற்றச் சொன்னாள்.

இந்தக் கோரிக்கை போன மாதமே வந்து, தோட்டத்து மேனேஜரான துரை முடியாது என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்பதற்கு எங்கள் தோட்டத்து வெயில் சண்டையைச் சொல்லியாக வேண்டும்.

2. ஆளுக்கொரு காரணம்

எங்கள் தோட்டம் பெடாஸுக்கும் லிங்கிக்கும் நடுவில் இருந்தது. பழைய ரப்பர் மரங்களில் பாதியைச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை. பிறந்ததிலிருந்து ரப்பர் நிழலிலேயே வேலை செய்த சனங்கள் முதல் முறையாக மொட்டைக் காட்டில் போய் நின்றார்கள். அந்த வருடங்களில் வறட்சியும் கடுமை. கிணறு அடி தட்டியது, ஆற்றில் பாறை தெரிந்தது.

அப்புறம் என்ன, ஆளுக்கொரு காரணம். லாரி டிரைவர் முத்து, "மனுசன் நிலாவுல கால வெச்சான் பாரு, அன்னைக்கே எல்லாம் கெட்டுப்போச்சு," என்பார். கடைக்காரருக்குப் புதிதாகப் போட்ட ஹைவேதான் காரணம். மலையை உடைத்துத் தார் ஊற்றினால் சுடாமல் என்ன செய்யும் என்று கேட்பார். தமிழ்ப் பள்ளி வாத்தியார் பத்திரிகையைக் காட்டி, புகையால் உலகமே சூடாகிறது என்பார். கிழவர்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். "ஜப்பான்காரன் காலத்துல அடிச்ச வெயில நீங்க பாக்கலைலா. இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று துப்பிவிட்டுப் போவார்கள். கள்ளுக்கடையில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டதும் உண்டு.

இத்தனை பேருக்கும் துரையிடம் ஒரே பதில்தான். "ரெக்கார்ட் இருக்கா?"

அவர் சிரம்பான்காரர், தமிழர். வெள்ளைக்காரத் துரைகள் போன பிறகு வந்தவர். யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார், கத்தவும் மாட்டார். ஆனால் கணக்கு இல்லாத பேச்சு அவர் காதில் ஏறாது. ஆபீஸுக்குப் பின்னால், பழைய ஸ்டோரைத் தாண்டி ஒரு புல் மேட்டில், நாலு காலில் நிற்கும் வெள்ளைப் பெட்டி ஒன்று உண்டு. காற்றுப் போக இடைவெளி விட்டு, சுற்றிலும் மரச் சட்டம் வைத்து அடித்தது. உள்ளே வெப்பமானிகள். பக்கத்தில் மழை அளக்கும் குழாய். காலையில் வந்ததும் போய்ப் பார்த்து, முந்தின நாள் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று எழுதிவருவது என் வேலை. அதை வைத்துத் துரை தன் கையாலேயே ஒரு பெரிய சார்ட் வரைந்து ரூமில் மாட்டியிருந்தார். ஹெட் ஆபீஸிலிருந்து யார் வந்தாலும் தேத்தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் சார்ட்டைத்தான் காட்டுவார். எனக்கும் அந்த சார்ட்டில் பெருமை உண்டு. மழையோ வெயிலோ, போய் எழுதிவந்தது நானாயிற்றே.

அந்த சார்ட்டின்படி வறட்சி மாதங்களில் வெயில் முன்பைவிடக் கூடவில்லை. கோடு ஒரே மட்டத்தில் போனது.

3. பாக்கியம் வாயைத் திறந்தாள்

அன்றைக்குத் துரை வெளியே வந்து அஞ்சலை சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் வெயில் புத்தகத்தை எடுத்துவந்து படித்தேன். போன வறட்சி, அதற்கு முந்தின வறட்சி, அதற்கும் முன்னால். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"அப்ப நாங்க பொய் சொல்றமா, தொரை?" என்றாள் அஞ்சலை.

"பொய்னு சொல்லலை, அஞ்சலை. போன வருச வெயில் இந்த வருசம் ஞாபகத்துல ஆறிப்போயிடும். அதனாலதான் அளந்து வைக்கிறோம். உங்களுக்கு மட்டும் நேரத்தை மாத்துனா நாளைக்கு எல்லா கேங்கும் வந்து நிக்கும். அவங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும்லா."

"ஒங்க பொட்டிக்கு வேர்க்காது தொரை. எங்களுக்கு வேர்க்குது. என் தங்கச்சி செத்தா அதையும் உங்க கோட்டுல ஒரு புள்ளியா வெச்சுக்குங்க."

துரையின் முகம் சுருங்கியது. எனக்கு அஞ்சலையைப் பார்க்கப் பாவமாக இருந்தாலும், கணக்கு துரை பக்கம்தான் இருக்கிறது என்றே நினைத்தேன். பெரிய கிராணி பின்னால் நின்று, "போங்க, போங்க, வேலயப் பாருங்க," என்று கையை ஆட்டினார்.

அப்போதுதான் வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த பாக்கியம் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தாள். அவள் முன்பு கன்று வளர்க்கும் நர்சரியில் இருந்தவள். அங்கே வழுக்கி விழுந்து இடுப்பு போனதால், இனி காட்டு வேலைக்கு ஆக மாட்டாள் என்று துரைதான் இரக்கப்பட்டு ஆபீஸ் கூட்டும் வேலையைக் கொடுத்திருந்தார். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பாள்.

"தொரை, ஒரு வார்த்த. அந்தப் பொட்டிக்கு நான் ஈரச் சாக்குப் போடுறேன்," என்றாள்.

"என்ன போடுறீங்க?"

"சாக்கு, தொரை. நல்லா நனைச்சு. நீங்கள்லாம் சாப்பிடப் போற நேரத்துல போட்டுட்டு, நான் வீட்டுக்குப் போறப்ப எடுத்துருவேன். ஒருக்கா உள்ள இருந்த கண்ணாடி ஒடஞ்சுச்சுல்ல? பெரிய கிராணி அப்ப சொன்னாரு, சூடு தாங்காம வெடிச்சிருக்கும், இனிமே வெடிச்சா நீதான் பதில் சொல்லணும்னு. நர்சரியில ஒட்டுக் கட்டுற குச்சிய ஈரச் சாக்குல சுத்தித்தான வெப்போம்? வாடாது. அது மாதிரி நெனைச்சுப் போட்டேன்."

ஒட்டுக் கட்டும் வேலை தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார்கள். வெட்டிய குச்சி காயாமல் அடுத்த தோட்டம் வரை போய்ச் சேருவது ஈரச் சாக்கால்தான். பாக்கியம் பாதி ஆயுளை அதிலேயே கழித்தவள்.

துரை மெதுவாகக் கேட்டார். "எப்பவும் போடுவீங்களா?"

"இல்ல தொரை. மழக் காலத்துல எதுக்கு? வறட்சிக்கு மட்டுந்தான், நீங்க அந்தச் சார்ட்ட ஆரம்பிக்கிறதுக்கு முந்தியிருந்தே. நல்லாக் காயுற நாள்ல ரெண்டு சாக்கு."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். துரை படியிறங்கி ஸ்டோர் பக்கம் நடந்தார். கேங் மொத்தமும் பின்னால் போனது, நானும் போனேன். மேட்டில் அந்த வெள்ளைப் பெட்டி, தலையில் சாக்கு, சொட்டச் சொட்ட நின்றது. நான் காலையில் போகிறவள், சாக்கு மத்தியானம் வந்து பெட்டியைக் குளிரவைக்கிறது. என்னையும் சாக்கையும் அந்தப் பெட்டி ஒன்றாகப் பார்த்ததே இல்லை.

பெரிய கிராணிக்குக் கோபம் தலைக்கேறியது. "அறிவிருக்கா ஒனக்கு? தொரையோட இத்தன வருச வேலயக் கெடுத்துட்டியே. நாளையிலேருந்து காட்டுக்குப் போ," என்றார். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். இது வரும் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். பேசாமல் கூட்டிக்கொண்டே இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இடுப்பு போனவள் அந்த மொட்டைக் காட்டில் என்ன ஆவாள்?

துரை சாக்கை எடுத்துப் பிழிந்து, மடித்து, புல்லில் வைத்தார். பெரிய கிராணி பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொன்னவங்களை வெயில்ல நிறுத்துனா, அடுத்த தடவ என்கிட்ட எவன் உண்மையைச் சொல்லுவான்? அவங்க ஆபீஸ்லதான் இருப்பாங்க," என்றார்.

பிறகு அஞ்சலையிடம், "நாளைக்கே விடியறப்ப இறங்கிடுங்க. செல்வி எந்திரிச்சதும் அவளும் வரட்டும்," என்றார்.

அஞ்சலைக்கே நம்ப முடியவில்லை. "பொட்டிய மறுபடியும் பாக்க வேணாமா தொரை?"

"பாக்கிறது பாக்கலாம். வெயில் கூடலைன்னு சொல்ல என்கிட்ட கணக்கு இருந்துச்சு, அதை வெச்சு முடியாதுன்னேன். இப்பக் கணக்கு இல்லை. இல்லாத கணக்கை வெச்சு உங்களை எப்படி நிறுத்தி வைக்கிறது?"

4. சிவப்புப் பேனா

அன்று சாயந்திரமே துரை தன் சார்ட்டின் முன்னால் நின்று, சிவப்புப் பேனாவை எடுத்து, அத்தனை வறட்சி மாதங்களையும் குறுக்கே அடித்தார். அழகாக வரைந்த கோடு. ஹெட் ஆபீஸிலிருந்து ஆட்கள் வர இருந்தார்கள். சார்ட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? அவங்க வந்தா நானே சொல்லுறேன்," என்றார்.

சொன்னார். கோட்டு சூட்டு போட்டு வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். துரையும் கூடச் சேர்ந்து சிரித்தார். பாக்கியத்தின் பேரை மட்டும் அவர் எடுக்கவில்லை. பெட்டியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவைக்காதது தன் தவறு என்று சொல்லிவிட்டார். தேத்தண்ணீர் கொண்டுவந்த பாக்கியம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனவள் வெகு நேரம் வரவில்லை.

சாக்கு போன பிறகு பெட்டியின் அளவு ஏறியது. அஞ்சலை விடுவாளா? வீட்டுக்குப் போகிற வழியில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"என்னா தொரை, இப்பயாச்சும் ஒத்துக்குங்க. வெயில் கூடிப்போச்சு."

"சாக்கு போனதால கூடியிருக்கு. வெயில் கூடுச்சான்னு இன்னும் நாலஞ்சு வருசம் அளந்து பாத்துத்தான் சொல்ல முடியும்."

"அதுக்குள்ள நான் கெழவியாயிருவேன்லா."

"ஆகுங்க. அப்பவும் இங்கதான இருப்பீங்க, வந்து சண்டை போடுங்க."

இரண்டு பேரும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. எனக்குத் துரை மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். கோரிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்ட மனிதர், ஊர் வாயை அடைக்க, ஆமாம் கூடிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றார், அது தன் பக்கம் இருந்தபோதும் சரி, எதிர்ப்பக்கம் போனபோதும் சரி.

செல்வி அந்த வறட்சியில் மறுபடி விழவில்லை. காலையில் இறங்கி, உச்சிக்கு முன்னால் திரும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து வாசலில் கூட்டிக்கொண்டு போவாள். செம்பனை வளர்ந்து மட்டை விரிந்து நிழல் விழுகிற வரைக்கும் அந்த நேரம்தான் நடந்தது. மற்ற கேங்குகளும் வந்து கேட்கத்தான் செய்தன. வெயிலில் நின்ற கேங்குகளுக்கெல்லாம் துரை அதே நேரத்தைக் கொடுத்தார்.

இப்போது ஆபீஸ்களுக்கு வருகிற பிள்ளைகள் கையில் எல்லா அளவும் இருக்கிறது. நல்லது, அளந்து எழுதுங்கள், அளக்கும் கருவிமேல் யாராவது அன்பாக எதையாவது போர்த்தியிருக்கிறார்களா என்று மத்தியானத்திலும் ஒரு நடை போய்ப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. இந்த ஊரில் வெயில் கூடியதா இல்லையா என்ற சண்டை நான் வேலைக்கு வந்த நாளில் நடந்தது, ஓய்வுபெற்ற நாளிலும் நடந்தது. அது முடிகிற வரை செல்வியால் காத்திருக்க முடியாது. வெயிலில் நிற்பவரை முதலில் உள்ளே கூப்பிடுங்கள், சண்டையை அப்புறம் உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம்.